ஆத்தாவுக்கு ஒரு நிமிஷம் குடுத்தேன்

உலகத்துலயே ரொம்ப டேஞ்சரான வார்த்தை எதுன்னு கேட்டா, நான் கெட்ட வார்த்தை எதையும் சொல்ல மாட்டேன். "ஒரு நிமிஷம்" தான். கெட்ட வார்த்தை சொன்னா கன்னத்துல ஒண்ணு வாங்குவோம், அதோட முடிஞ்சிரும். "ஒரு நிமிஷம்"னு சொல்லி நான் வாங்கிக்கிட்டது இன்னும் முடியல.

என் பேரு பவித்ரா. காலடிப்பேட்டை. விஸ்காம் முடிச்சவ. (எங்கம்மா அக்கம்பக்கத்துல "எம் பொண்ணு கேமரா காலேஜு"ன்னு தான் சொல்லிக்கினு கீது.) படிப்பு முடிஞ்சும் நான் வூட்ல குந்திக்கினு போனையே நோண்டிக்கினு இருந்ததுல எங்க நைனாவுக்கு பொறுமை போச்சு. நைனா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல கிரேன் ஆபரேட்டரு. டன் டன்னா இரும்ப ஆளுங்க தலைக்கு மேல தூக்கினு போய் லாரில பூ மாதிரி எறக்குவாரு. ஆனா வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசறது மட்டும் அவருக்கு அத விட வெயிட்டு. ஒரு நாள் பூரா அவர் பேசறத சேத்து வெச்சா ஒரு வாட்ஸப் ஸ்டேட்டஸ் தேறாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு நாள் சோத்துல கைய வெச்சிக்கினே சொன்னாரு:

"மொதலாளி கடைல பில்லு போட ஆள் வேணுமாம். உன்ன சொல்லிக்கீறேன்."

"நைனா! நான் கிரியேட்டிவ் ஆளு நைனா! இரும்புக் கடைல குந்துனா துரு புடிச்சிருவேன்!"

உள்ளருந்து அம்மா, "இப்ப மட்டும் இன்னா, எவர்சில்வர் மாதிரி மின்னிக்கினா கீற?"

அந்த நேரத்துல தான் தேன்மதி அக்கா போன் பண்ணாங்க.

தேன்மதி அக்காவ தெரியாதவங்க எங்க ஏரியால கெடையாது. எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி பொறந்தவங்க. சின்ன வயசுல ஒரு பக்தி சீரியல்ல குட்டி அம்மனா கிரீடம் வெச்சிக்கினு வந்தாங்க. வளந்தப்பறம் இன்னொரு சீரியல்ல ஹீரோயினுக்கு தங்கச்சி. அப்பறம் தான் மெயின் மேட்டரு: அண்ணி. பாயாசத்துல விஷம் வெக்கிற அண்ணி. வருஷக்கணக்கா மொத்த வட சென்னையும் டீவி முன்னாடி குந்தி அவங்கள திட்டிக்கினே சோறு துன்னுச்சு. காசிமேட்டுல மீன் வெட்டிக்கினு இருந்த ஒரு அக்கா இவங்கள நேர்ல பாத்துட்டு, "அந்த புள்ளத்தாச்சி பொண்ண இன்னாடி பண்ண போற?"ன்னு கைல கத்தியோடயே கேட்டுதாம். (அதுலருந்து தேன்மதி அக்கா மீன ஆன்லைன்ல தான் வாங்கறாங்க.) அதுக்கப்பறம் சமையல் ஷோ. அதுக்கும் அப்பறம் நடிப்பே போதும்டா சாமின்னு பிசினஸ்ல எறங்கிட்டாங்க.

இன்னா பிசினஸ்ஸுன்னா, பாக்கெட் கூழு. சுடுதண்ணி ஊத்தி கலக்குனா ரெண்டு நிமிஷத்துல கூழு ரெடி. ஆடி மாசம் வந்தா தெருவுக்கு தெரு அண்டா வெச்சு கூழு ஊத்தற ஊர்ல, கூழையே பாக்கெட்ல போட்டு விக்கிறதுன்னா எவ்ளோ தில்லு வேணும்! கேட்ட ஒடனே நான் ஸ்லோகன் அடிச்சு உட்டேன்: "ஆடிக்கு ஏன் வெயிட்டிங்? ரெண்டே நிமிஷம்!" அக்காவுக்கு செம குஷி.

"பவி, ஓப்பனிங் பங்ஷன நீயே பண்ணு. நல்லா வந்தா என் கம்பெனிக்கு நீ தான் மார்க்கெட்டிங்."

"ஊத்திக்கிச்சுன்னா அக்கா?"

"ஊத்தக் கூடாதுடி. நான் நடிச்சு சேத்ததெல்லாம் அந்த பாக்கெட்டுக்குள்ள தான் கீது. பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனிலருந்து பர்ச்சேஸ் மேனேஜர் வர்றாரு. அவரு தலையாட்டுனா நம்ம கூழு ஊரெல்லாம் போகும். ஆட்டலன்னா நான் மறுபடி பாயாசத்துல விஷம் வெக்கத் தான் போகணும்."

ஆக, அவங்களுக்கு விஷம். எனக்கு இரும்பு. ரெண்டு பேரு தலையெழுத்தும் ஒரே ஞாயித்துக்கெழமைல தொங்குது. அதுவும் ஆடி ஞாயிறு. (தேதி குறிச்சது யாருன்னு கேக்காதீங்க. நான் தான்.)

ஐடியாவும் என்னுது தான். அக்காவோட மைல்ஸ்டோன் எல்லாத்தையும் மேடைல லைவா காட்டறது. மொத என்ட்ரி அம்மன் கெட்டப்புல. அப்பறம் கிரீடத்த கழட்டிட்டு தங்கச்சி தாவணி. அப்பறம் அண்ணியோட செவப்பு கண்ணாடி வளையலு. அப்பறம் ஏப்ரான். கடைசியா கோட்டு சூட்டு, தொழிலதிபர். ஒவ்வொண்ணுக்கும் கரெக்டா ஒரு நிமிஷம், ஒவ்வொண்ணுக்கும் தனி மியூசிக். போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு பிளான் போட்டேன். நாசாக்காரன் கூட ராக்கெட்டுக்கு அப்டி போட்டிருக்க மாட்டான்.

மத்ததுக்கெல்லாம் டீஜே பையன் டிராக்கு வெச்சிருந்தான். அம்மன் என்ட்ரிக்கு மட்டும் ஒரிஜினல் வேணும்னு நான் அடம் புடிச்சேன். நேரா வியாசர்பாடி போய் பம்பை பாபு அண்ணன புடிச்சேன். எங்க பக்கம் கோயில் திருவிழான்னா அவரு தான். அவரு பம்பைய தட்டி, ஆத்தாவ வர்ணிச்சு பாட ஆரம்பிச்சா நின்னுக்கினு இருக்கறவங்களுக்கு முட்டி தானா ஆடும். மேட்டர கேட்டுட்டு தலைய சொறிஞ்சாரு.

"ஒரு நிமிஷமா? பாப்பா, இது இன்னா பிரெஷர் குக்கரா? ஆத்தாவ வர்ணிச்சு கூப்ட்டா, வந்தா குந்த வெச்சு, கேட்டத குடுத்து, கற்பூரம் காட்டி அனுப்பணும். பாதில உட்டா பேஜாராயிடும்."

"அண்ணா, யாரும் வர வேணாம்ணா. சும்மா எபெக்ட்டுக்கு. ரீல்ஸ் லென்த்து."

"ரீல்ஸ் லென்த்து உனுக்கு தெரியும். ஆத்தாவுக்கு தெரியுமா?"

நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. கெளம்பறப்ப இன்னொண்ணும் சொன்னாரு. "உங்க நைனா கீறாரே, அவர மட்டும் அன்னிக்கு ரெண்டு தெரு தள்ளி நிக்க சொல்லு."

காரணம் கீது. எங்க நைனாவுக்கு வருஷா வருஷம் ஆடில, தெரு முனை அம்மன் கோயில்ல சாமி வரும். வருஷம் பூரா பேசாத மனுஷன் அன்னிக்கு ஒரு நாள் தான் பேசுவாரு. ஆனா அது கோயில்ல தான. ஷாமியானாவுக்கெல்லாம் வராதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். அட்ரஸ் மாறிட்டா ஆத்தா எப்டி கண்டுபுடிப்பா? (விஸ்காம் படிச்ச மூள, அப்டி தான் வேல செய்யும்.) அதோட எனக்கு சேரு எறக்க ஆள் வேணும். நைனா தான் வண்டி புடிச்சு சேரெல்லாம் எறக்கிட்டு, கூட்டத்துக்கு பின்னாடி ஓரமா கைய கட்டிக்கினு நின்னாரு.

ஞாயித்துக்கெழமை. காலடிப்பேட்டைல கடை வாசல்ல ஷாமியானா. செம கூட்டம். பாதி பேரு அக்காவ பாக்க வந்தவங்க, மீதி பேரு பாயாசத்துக்கு நேர்ல நாலு வார்த்தை கேக்க வந்தவங்க. பர்ச்சேஸ் மேனேஜர் விக்ரம் சாரு எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரிங்க நடுவுல மாட்டி லேட்டா வந்தாரு. அந்த வெயில்ல பிளேசரு. மொத வரிசைல குந்தி, பாட்டில் தண்ணிய ஒரே மடக்குல முடிச்சிட்டு வாட்ச பாத்தாரு. "சீக்கிரம் முடிச்சிருவீங்கல்ல?"

"ஒவ்வொண்ணும் ஒரே நிமிஷம் சார்!" கைல மைக்கு, காதுல இயர்போன், இன்ஸ்டால லைவ் ஓடுது. நான் தான் காம்பியரு, நான் தான் டைரக்டரு. கெத்துன்னா அப்டி ஒரு கெத்து.

பம்பை ஆரம்பிச்சுச்சு.

சத்தியமா சொல்றேன், எனக்கே முடி நட்டுக்கிச்சு. ஒரு பக்கம் உடுக்கை, ஒரு பக்கம் சிலம்பு, நடுவுல பாபு அண்ணன் குரலு. "பாளையத்து மாரி, பாஞ்சு வாடி தாயே"ன்னு அவரு கூப்ட்டப்போ அக்கா கிரீடம், சூலம், வேப்பிலையோட மேடைல எறங்குனாங்க. பொம்பளைங்க எல்லாம் கொலவை போட்டாங்க. பின்வரிசைல ஒரு அம்மா கன்னத்துல போட்டுக்கினு அழுவுது. பாபு அண்ணன் கண்ண மூடிக்கினு ஸ்பீட ஏத்திக்கினே போறாரு, ஏத்திக்கினே போறாரு...

என் போன்ல டைமர் அடிச்சுது.

"கட்!"னு கைய ஆட்டுனேன். பாபு அண்ணனுக்கு கண்ணு மூடி இருந்துச்சு. நான் போய் பம்பை மேலயே கைய வெச்சிட்டேன். அவரு கண்ண தொறந்து என்ன ஒரு பார்வை பாத்தாரு பாருங்க. பேய பாத்தவன் கூட அப்டி பாக்க மாட்டான்.

"யம்மா, இன்னா காரியம் பண்ணிட்ட? பாதில கீது!"

"ஒரு நிமிஷம் முடிஞ்சிருச்சுண்ணா. டீஜே, நெக்ஸ்ட்டு!"

அண்ணி மியூசிக் "டொய்ங்ங்"ன்னு ஆரம்பிச்சுது. தாவணிய விட்டுட்டு நேரா அண்ணிக்கு போயிட்டான் லூசு. அத திட்ட நான் வாய தொறக்கறதுக்குள்ள பின்னாடிலருந்து ஒரு சத்தம். சேரெல்லாம் சரியுது. கூட்டம் ரெண்டா பிரியுது. நடுவுல எங்க நைனா.

சட்டை பட்டன் தெறிச்சுப் போயி, முடி கலைஞ்சு, நாக்க மடிச்சு கடிச்சிக்கினு, ரெண்டு கையயும் கோத்து தலைக்கு மேல தூக்கிக்கினு மேடையப் பாத்து வர்றாரு. டீஜே பயந்து மியூசிக்க ஆப் பண்ணிட்டு ஸ்பீக்கருக்கு பின்னாடியே போயி குந்திட்டான். மைக்கு என் கைல அப்டியே ஒட்டிக்கிச்சு.

நைனா மேடை ஏறுனாரு. அந்த பெரிய மீசைக்கு பின்னாடிலருந்து ஒரு பொம்பள கொரலு.

"யாருடி... என்ன பாதி வழில உட்டது?"

நான் மெதுவா மைக்க முதுகுக்கு பின்னாடி ஒளிச்சேன். (மைக்க ஒளிச்சா ஆத்தாவுக்கு தெரியாதுல்ல.) நைனா திரும்பி அக்காவ பாத்தாரு. மேலருந்து கீழ வரைக்கும், கிரீடத்துலருந்து கொலுசு வரைக்கும்.

"நீ யாருடி, என் கிரீடத்த போட்டுக்கினு?"

கேமராவ பாத்துக்கினே பத்து பேருக்கு விஷம் வெச்சவங்க தேன்மதி அக்கா. அவங்க கைல சூலம் கடகடன்னு ஆடுது. "நா... நான் தேன்மதி ஆத்தா. அட்டை கிரீடம் ஆத்தா. வாடகைக்கு எடுத்தது."

கழட்டி கீழ வெச்சிட்டாங்க. ஆத்தா கொஞ்சம் எறங்கி வந்த மாதிரி இருந்துச்சு. அப்பாடான்னு நான் மூச்சு உடறதுக்குள்ள அடுத்தது.

"பசிக்குதுடி. கூழு ஊத்து."

எங்க ஊர்ல ஆடி மாசத்துல ஆத்தா கூழு கேட்டு இல்லன்னு சொன்ன ஆளு இது வரைக்கும் கெடையாது. கூட்டத்துல பொம்பளைங்க எல்லாம் எழுந்துட்டாங்க. "குடுங்கடி! ஆத்தா கேக்குது, மரம் மாதிரி நிக்கறீங்க!" எங்கம்மா எல்லாரையும் இடிச்சிக்கினு முன்னாடி வந்து என் கைய கிள்ளுச்சு. "இன்னாடி முழிக்கற? கூழு எங்க?"

மேடைல இருந்தது ஒரே கூழு தான். பாக்கெட்டு கூழு.

அக்கா என்ன பாத்தாங்க. நான் அக்காவ பாத்தேன். விக்ரம் சாரு பிளேசரோட எந்திரிச்சு நின்னு எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. வேற வழியில்ல. டெமோவுக்கு வெச்சிருந்த பிளாஸ்க்லருந்து சுடுதண்ணி ஊத்தி, அக்கா கலக்குனாங்க. ஊரே பாக்குது. சொம்புல ஊத்தி, வெங்காயம் ஒண்ண வெச்சு, ரெண்டு கையால நீட்டுனாங்க.

ஆத்தா குடிச்சா. ஒரே மடக்கு. அப்பறம் மெதுவா மீசைய தொடச்சிக்கினா.

அந்த கேப்ல எனக்கு ஒரு கேடுகெட்ட நெனப்பு ஓடுச்சு பாருங்க. ஆத்தா மட்டும் "நல்லா கீதுடி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அத விட பெரிய விளம்பரம் உலகத்துல எவனுக்கு கெடைக்கும்? லைவ் வேற ஓடிக்கினு கீது. நான் மைக்க கூட கொஞ்சம் கிட்ட நீட்டுனேன்.

"இன்னாடி இது?" கொரலு ஸ்பீக்கர்ல எட்டு தெருவுக்கு போச்சு. "செவுத்துக்கு அடிக்கறதா, வயித்துக்கு ஊத்தறதா?"

எங்கயோ ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். பக்கத்துல நின்ன அம்மா அவன் மண்டைல ஒண்ணு வெச்சுது.

"புளிப்பு எங்கடி? ராவெல்லாம் ஊறி, காத்தால பொங்கி நிக்குமே, அது எங்க?"

அக்கா அழுவற மாதிரி, "ரெண்டு நிமிஷத்துல... புளிக்காது ஆத்தா..."

"ரெண்டு நிமிஷத்துல எவன் பசிடி ஆறும்?"

என் தலைக்கு மேல தொங்கிக்கினு இருந்த பேனர்ல, ஆள் ஒசரத்துக்கு, என் ஸ்லோகன். "ரெண்டே நிமிஷம்!" மொத்த கூட்டமும் நிமிந்து பேனர பாத்துச்சு. அப்டியே எறங்கி என்ன பாத்துச்சு. ஆத்தாவும் பாத்தா.

"இவ தான. என்ன ஒரு நிமிஷத்துல தொரத்தப் பாத்தவ."

எங்கம்மா என் மண்டைய புடிச்சு தரையோட தரையா அமுத்துச்சு. "ஆத்தா, பச்ச புள்ள தாயி, புத்தி கெடையாது, மன்னிச்சிரு!" (இவ்ளோ பேரு முன்னாடி சொல்லணுமா அத?)

பாபு அண்ணன் பம்பைய எடுத்தாரு. "அனுப்பிரலாம். கற்பூரம் குடுங்க."

கற்பூரம். லைட்டு, டிரோன், கலர் புகை, செல்பி ஸ்டாண்டு, எல்லாம் வாங்கி வெச்சிருந்தேன். கற்பூரம் மட்டும் இல்ல. டீஜே பையன் கடைக்கு ஓடுனான். அவன் வர்ற வரைக்கும் ஆத்தாவ இன்னா பண்றது? ஆத்தா மேடைல இருந்த ராஜா சேர்ல குந்திட்டா. கடைசில விக்ரம் சார மேடைக்கு கூப்ட்டு குந்த வெக்க போட்ட சேரு அது. குந்துனவ மொத வரிசைய பாத்து வெரல நீட்டி, "நீ வாடா இங்க"ன்னா.

விக்ரம் சாரு.

முடிஞ்சுது கதைன்னு நெனச்சேன். இங்கிலீஷ்ல கத்த போறாரு, கார் ஏற போறாருன்னு பாத்தா, அந்தாளு ஷூவ கழட்டுனாரு. பிளேசர மடிச்சு சேர்ல வெச்சாரு. மேடை ஏறி, மண்டி போட்டு, கைய கூப்புனாரு.

"ஆத்தா... எனக்கு கோயம்புத்தூருக்கு டிரான்ஸ்பர் கெடைக்குமா ஆத்தா?"

எனக்கு வாய் பொளந்துக்கிச்சு. ஆத்தா அவரு நெத்தில துன்னூற அப்புனா. "வூட்ல சொல்லாம கேட்டுக்கினு கீற. மொதல்ல அவகிட்ட சொல்லு."

விக்ரம் சாரு மூஞ்சி பிளாஸ்க்கு மூடி மாதிரி வெளுத்துப் போச்சு. "கரெக்டு ஆத்தா"ன்னாரு. அவ்ளோ தான், பின்னாடியே கியூ ஆரம்பிச்சிருச்சு. கூழு ஓப்பனிங் போயி குறி சொல்ற எடமா ஆயிடுச்சு.

கற்பூரம் வந்துச்சு. பாபு அண்ணன் இந்த தபா அவசரமே படாம, மொதல்லருந்து ஆத்தாவ வர்ணிச்சு, தாஜா பண்ணி, கெஞ்சி, கொஞ்சி, கற்பூரத்த காட்டுனாரு. அது எவ்ளோ நேரம் ஆச்சுன்னு எனக்கு தெரியாது. டைமர நான் தொடவே இல்ல. நைனா ஒரு தபா தூக்கிவாரிப் போட்டு அம்மா மேல சாஞ்சாரு. மஞ்சத்தண்ணி தெளிச்சதும் கண்ண தொறந்தாரு. சுத்தி பாத்தாரு. சாஞ்சு கெடந்த சேரெல்லாம் பாத்தாரு.

"இன்னா பவி, சேரு எல்லாம் இப்டி கீது? நான் அடுக்கி தான வெச்சேன்?"

அக்கா பின்னாடி வேன்ல ஒக்காந்து மேக்கப் கலைச்சிக்கினு இருந்தாங்க. நெத்தில இருந்த மூணாவது கண்ணு மட்டும் பாதி அழிஞ்சு என்னையே பாத்துக்கினு இருந்துச்சு. நான் போயி நின்னேன்.

"பவி. நாளைலருந்து நீ வர வேணாம்."

"சரிக்கா."

"எனக்கு கோவம் இல்லடி. எல்லா பேக்டரிலயும், எல்லா லேப்லயும் அந்த கூழ குடிக்க குடுத்தேன். 'சூப்பர் மேடம், ஆவ்சம் மேடம்'னானுங்க. எனக்கே தெரியும் அதுல புளிப்பு இல்லன்னு. எவனும் மூஞ்சிக்கு நேரா சொல்லல." மூணாவது கண்ண பஞ்சால தேச்சாங்க. "உங்க நைனா ஞாயித்துக்கெழமைல பிரீயா?"

வேலைய எனக்கு குடுப்பாங்கன்னு பாத்தா, எங்க நைனாவுக்கு குடுக்கறாங்க! நைனாகிட்ட வந்து கேட்டும் பாத்தாங்க, புதுசா போடற கூழ டேஸ்ட் பண்ணி சொல்லுங்கன்னு. சாதா நைனா குடிச்சிட்டு "நல்லா கீதும்மா"ன்னாரு. சுண்ணாம்ப கரைச்சு குடுத்தாலும் அதையே தான் சொல்லுவாரு, மரியாதைக்கார மனுஷன். "அன்னிக்கு மாதிரி சொல்லுங்கண்ணா"ன்னு அக்கா கெஞ்சுனதுக்கு மட்டும் நைனாவுக்கு சுருக்குன்னு வந்துச்சு. "அது இன்னா சுச்சா, போட்டா எரியறதுக்கு?"

கடைசில அக்கா அந்த பாக்கெட்ட தூக்கி கடாசிட்டு புதுசா ஒண்ணு போட்டாங்க. மாவ கரைச்சு ராத்திரி வெச்சா காத்தால தான் கூழு. பாக்கெட் மேல பெருசா, "ஒரு ராத்திரி பொறுங்க." விக்ரம் சாரு கம்பெனி எடுத்துக்கிச்சு. (விக்ரம் சாரு இப்ப கோயம்புத்தூர்ல. வூட்ல சொல்லிட்டு தான் போனாராம்.) டீவி பேட்டில அக்கா அவங்க மைல்ஸ்டோன சொல்றப்போ குட்டி அம்மன், தங்கச்சி, அண்ணி, சமையல் ஷோ எல்லாம் சொல்லிட்டு, "அப்பறம் ஒரு தடவ எனக்கு ஒருத்தங்க உண்மைய சொன்னாங்க"ன்னு நிறுத்திப்பாங்க. யாருன்னு சொல்றது இல்ல. சொன்னா எவன் நம்புவான்?

நான்? சாத்தாங்காடு. இரும்புக் கடை. பில்லு கவுண்டரு. காத்தால நைனா வண்டில பின்னாடி குந்தி, கண்டெய்னர் லாரி பொகைய மூஞ்சில பவுடரா போட்டுக்கினு போறேன். துரு இன்னும் புடிக்கல. ஆனா பாருங்க, வேலைக்கு சேந்த மொத வாரம் ஒரு லாரி டிரைவரு பில்லுக்கு அவசரப்பட்டாரு. நான் பழக்க தோஷத்துல, "ஒரு நிமிஷம்ணா"ன்னுட்டேன்.

அவ்ளோ தான். லோடு ஏத்தறவங்க, எடை போடறவங்க, டீ குடுக்கற அண்ணன், மொதலாளி, அந்த இன்ஸ்டா லைவ பாத்திருந்த மொத்த மார்க்கெட்டும் ஒரே நேரத்துல மேல பாத்துச்சு. அங்க எங்க நைனா, கிரேன்ல, ரெண்டு டன் கம்பிய எங்க தலைக்கு நேரா தொங்க உட்டுக்கினு குந்திக்கினு கீறாரு.

"யம்மா தாயே," மொதலாளி எழுந்து கும்பிட்டாரு. "உங்கப்பா மேல கீறப்ப மட்டும் அந்த வார்த்தைய சொல்லாத."

அன்னிலருந்து எங்க கடைல 'ஒரு நிமிஷம்' தடை. எவ்ளோ அவசரமா வந்தாலும் "குந்துங்கண்ணா, டீ சாப்புடுங்க, பொறுமையா போலாம்"னு தான் சொல்லணும். வூட்ல அதுவும் இல்ல. அம்மா கூப்ட்டு நான் போன பாத்துக்கினே "ஒரு நிமிஷம்மா"ன்னா போதும், அம்மா பதிலே பேசாது. கல்லாப்பெட்டி மாதிரி ஒரு டப்பா வெச்சிருக்குது, அத டக்குன்னு தொறந்து ஒரு கற்பூரத்த எடுத்து என் கண்ணு முன்னாடி வெச்சிட்டு போயிரும்.